குடையின் அடிப்பக்கம்

ஒக்டோபரில் மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கியதும் என் போனுக்குக் காளான் படங்கள் வரும். நோர்வூட்டிலிருந்து ஒன்று, தலவாக்கலையிலிருந்து இரண்டு, பொகவந்தலாவையில் படிப்பிக்கும் நண்பரிடமிருந்து ஒன்று. பச்சைப் புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளைக் குடை. சில படங்களில் அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் செருப்புக் காலும் தெரியும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது திங்கலாமா?"

படத்தை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. ஒருமுறை பழைய மாணவன் ஒருவன் விடாமல் கேட்டான். "சேர், குருவிப் படம் அனுப்பினா பேர் சொல்றீங்க. பூப்படம் அனுப்பினா சொல்றீங்க. காளானுக்கு மட்டும் ஏன் மாட்டேங்குறீங்க?"

நியாயமான கேள்வி. கைபேசிக் கமரா ஒரு கொழுந்தின் மயிரைக்கூடக் காட்டிவிடுகிறது. அப்படியிருந்தும் காளான் ஆய்வாளர்கள் படத்தோடு நிற்பதில்லை. பிளேடால் அறுக்கிறார்கள், காகிதத்தில் கவிழ்த்து வைக்கிறார்கள், பென்சிலை எடுத்து வரையவும் செய்கிறார்கள். இந்த அத்தியாயம் அவன் கேள்விக்கான பதில். கொஞ்சம் நீளமான பதில்.

மண்ணுக்கு மேலே வந்தது கொஞ்சம்தான்

நாம் பறிக்கும் காளான் ஒரு பங்கசின் பழம். மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அந்தப் பங்கசுக்குக் காளான் அப்படி. மரம் எங்கே என்று கேட்டால், மண்ணுக்குள் இருக்கிறது, மக்கிய கட்டைக்குள் இருக்கிறது. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளையோ விழுந்து கிடக்கும் சபுக்குக் கட்டையையோ பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளை நூல்கள் ஓடும். பங்கசிழை என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். அந்த நூல்வலை ஆண்டுக்கணக்கில் வாழும். அது காய்க்கும் பழமோ மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டுக் கரைந்துபோகும்.

மரத்தையே பார்க்காமல் பழத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பழமும் மூன்று நாளில் உருமாறிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் முட்டை, மத்தியானம் முரசடிக்கும் கோல், மறுநாள் குடை, அதற்கடுத்த நாள் தட்டு, பிறகு கறுத்த சேறு. ஒரே இனத்துக்கு இத்தனை முகம்.

சிக்கலின் மறுபக்கம், குடை வடிவம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது. காளானின் வேலை வித்திகளை உதிர்ப்பது. வித்தி என்பது பங்கசின் தூள் போன்ற விதை, ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். அது மழையில் நனையாமல், காற்றில் விழுந்து பறக்க வேண்டும். அதற்கு ஒரு கூரை வேண்டும், கூரையை உயர்த்த ஒரு காம்பு வேண்டும். உறவே இல்லாத பல பங்கசுகள் இந்த ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் மேலிருந்து எடுத்த படத்தில் நல்லதும் நஞ்சும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

வித்தி பிறப்பது குடையின் அடிப்பக்கத்தில், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மெல்லிய தகடுகளில். அவற்றுக்குச் செவுள் என்று பெயர். சில காளான்கள் குஞ்சாக இருக்கும்போது முழு உடம்பையும் ஒரு தோல் மூடியிருக்கும். குடை விரியும்போது அந்தத் தோல் கிழிந்து காம்பின் அடியில் ஒரு பையாகத் தங்கும். இதை அடிப்பை என்போம். செவுளை மட்டும் மூடியிருந்த திரை கிழிந்தால் காம்பில் வளையம் மிஞ்சும். ஆக அடிப்பையும் வளையமும் காளானின் பிள்ளைப்பருவம் விட்டுப்போன தடயங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் செவுள் இல்லை, வளையம் இல்லை, அடிப்பை மண்ணுக்குள் கிடக்கிறது. பெயர் சொல்ல உதவும் எதுவுமே அந்தப் படத்தில் இல்லை.

கப்பலேறிய ஓவியங்கள்

இந்தச் சங்கடத்தைக் கமரா பரவலாவதற்கு முன்பே ஒரு கூட்டம் சந்தித்தது. அதுவும் நம் மலைகளில்தான்.

1840களில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் ஜோர்ஜ் கார்ட்னர். அவர் இங்கே திரட்டிய காளான்களை இங்கிலாந்தில் மைல்ஸ் ஜோசப் பார்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். அந்தக் காலத்து ஆங்கிலேயரில் பங்கசு என்றால் பார்க்லிதான். கார்ட்னர் 1849இல் நுவரெலியாவில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த துவைற்ஸ் அந்தப் பழக்கத்தைப் பல மடங்கு பெரிதாக்கினார். ஹக்கலவில் 1861இல் சிங்கோனாவுக்காகத் தோட்டம் போட்டதும் இவர் காலத்தில்தான்.

ஒரு காளானைக் கண்டியிலிருந்து இங்கிலாந்துக்கு எப்படி அனுப்புவது? காயவைத்துத்தான் அனுப்ப வேண்டும். காய்ந்தால் என்ன ஆகும்? உங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளங்கை அகலக் குடை சுருங்கிப் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு சருகாகும். ஊதாவும் மஞ்சளும் ஒரே பழுப்பாகிவிடும். வாசனை போகும், பிசுபிசுப்பு போகும், குடையின் வளைவும் போகும். கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து பார்க்லியின் மேசைக்கு வந்தது அந்தச் சருகுதான். அதை வைத்து அவர் உருவத்தைச் சொல்ல வேண்டும்.

ஆனால் சருகோடு இன்னொன்றும் போயிற்று. வண்ண ஓவியம்.

பேராதனைப் பூங்காவில் டி அல்விஸ் என்ற சிங்களக் குடும்பம் தலைமுறையாக ஓவியம் வரைந்தது. ஹர்மானிஸ் டி அல்விஸ் 38 ஆண்டுகள் பூங்காவின் ஓவியராக இருந்தார். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் தூரிகையை எடுத்தார்கள். இலங்கையின் செடிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் அந்தக் குடும்பத்துக் கைகளால்தான் உலக நூலகங்களுக்குப் போயின. காளானும் போயிற்று. காட்டிலிருந்து வந்த கூடையைத் திறந்த சில மணி நேரத்துக்குள் வரைந்தாக வேண்டும். செம்பருத்தியை நாளைக்கும் பறித்துக்கொள்ளலாம், இந்தக் காளான் நாளைக்கு இருக்காது. ஓவியருக்கு அன்று எவ்வளவு அவசரம் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

பார்க்லியும் அவரது கூட்டாளி புரூமும் 1871இலும் 1873இலும் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்வேட்டில் இலங்கையின் பங்கசுகளை வரிசையாக விவரித்தார்கள். இருவருமே இந்த மண்ணை மிதித்தவர்கள் அல்லர். அவர்கள் எழுதிய நிறங்கள் ஒரு பேராதனை ஓவியர் கண்ணால் கண்ட நிறங்கள். இன்று உலகெங்கும் வழங்கும் பல காளான் பெயர்களுக்கு முதல் சாட்சி ஒரு சருகும் ஒரு ஓவியமும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதே தபால் வழியில் போன இன்னொரு பொட்டலம் நம் சரித்திரத்தையே திருப்பியது. 1869இல் துவைற்ஸ் அனுப்பிய கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. பார்க்லி அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பாழாக்குவது என்பது பின்பகுதியின் பொருள். அது பெயருக்கேற்றபடியே நடந்துகொண்டது. கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த நம் முன்னோர்கள் தேயிலைக்குக் கூடை தூக்கியதற்கு அந்தத் தூளும் ஒரு காரணம். அதுவும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருந்தது.

ஒரு புற்றுக்காளானுக்குப் பல பெயர்

சருகையும் ஓவியத்தையும் வைத்து வேலை செய்ததில் தவறுகளும் நடந்தன. அவற்றைத் திருத்த வந்தவர் தோமஸ் பெட்ச்.

1905இல் பேராதனைக்குப் பங்கசு ஆய்வாளராக வந்த பெட்ச், முன்னவர்கள் பெயரிட்ட இனங்களைக் காட்டில் உயிரோடு தேடிப் பிடித்தார். பழைய காய்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பல பகுதிகளாகத் திருத்தங்களை வெளியிட்டார். தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923இல் அவர் எழுதிய நூல் தோட்டத் துரைமாருக்குக் கைநூலாயிற்று. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரே முதல் பணிப்பாளர்.

பெட்ச் 1906இல் செய்த ஒரு வேலை நம் அத்தியாயத்துக்கு முக்கியம். கறையான் புற்றிலிருந்து எழும் காளானை எடுத்துக்கொண்டார். அது முளைக்கும்போது கூர்மையான கறுத்த மொட்டு. விரிந்தால் பெரிய வெளிர் குடை. சில நாள் வளையம் இருக்கும், சில நாள் இருக்காது. ஈரத்தில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். முன்னவர்கள் இந்த உருவங்களைத் தனித்தனி இனங்களாக, அதுவும் வெவ்வேறு பேரினங்களில் வைத்துப் பெயரிட்டிருந்தார்கள். பெட்ச் புற்றைத் தோண்டினார். காம்பு மண்ணுக்குள் நீண்ட வேர்போல இறங்கி, கறையான் வளர்க்கும் பங்கசுத் தேன்கூட்டில் போய் முடிவதைக் கண்டார். இவை பலவும் ஒன்றே என்று எழுதினார்.

பின்னாளில் ரோஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1942இல் இக்காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று தனிப் பேரினம் வகுத்தார். 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் புதிய புற்றுக்காளான் ஒன்றைக் கண்டு அதற்கு ஹெய்மின் பெயரையே வைத்தார். பெட்ச் ஒன்றாக்கியவற்றில் சிலவற்றைப் பிறகு வந்தவர்கள் மறுபடி பிரித்ததும் உண்டு. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஒரு நாளில் எடுத்த ஒரு படத்தை நம்பினால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கதை தெளிவாகக் காட்டுகிறது. மொட்டு முதல் தட்டு வரை எல்லாப் பருவத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கமாக வரைந்திருந்தால் பாதிக் குழப்பம் வந்தேயிருக்காது.

கினிகத்தேனைப் பக்கத்தில் ஒரு மைதானம்

இனி ஒரே ஒரு காளானை எடுத்துக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்போம்.

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்துக்கு மேலே பிள்ளைகள் விளையாடும் ஒரு மைதானம் இருக்கிறது. தெரிந்த அக்கா ஒருவர் அழைத்ததால் போயிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் அரைவட்டமாகப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் குடைகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பார்க்க அவ்வளவு அழகு.

"புத்துக்காளான்னா எங்கம்மா காலத்துல இருந்து பறிக்கிறோம் தம்பி, இருட்டுல தொட்டாலும் தெரியும்," என்றார் அக்கா. "இது புல்லுல முளைச்சிருக்கு. புள்ளைக பறிச்சுக் குடுன்னு நிக்குதுக. அதான் ஒங்களக் கூப்பிட்டேன்."

அவர் பாதி வேலையை முடித்துவிட்டார். எங்கே முளைத்தது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான படம் காளானின் படமாக இருக்கத் தேவையில்லை, இடத்தின் படமாக இருந்தால் போதும். புல்வெளி, அரைவட்டம், அருகில் புற்று இல்லை.

அடுத்து ஒரு காளானை அடியோடு எடுக்க வேண்டும். பிடுங்கக் கூடாது. காம்பைச் சுற்றிக் கத்தியால் மண்ணை அகழ்ந்து கட்டியோடு தூக்கினோம். அடி கொஞ்சம் பருத்திருந்தது. நீண்ட வேர் இல்லை. அப்படியானால் புற்றுக்காளான் இல்லை என்று அக்கா சொன்னது சரி. பை போன்ற உறையும் இல்லை. உலகில் காளானால் நேரும் மரணங்களில் பெரும்பகுதிக்குப் பொறுப்பான அமனிட்டா இனங்களில் பலவற்றுக்கு அடிப்பை உண்டு. கையால் பிடுங்கியிருந்தால் அது மண்ணுக்குள்ளேயே நின்றுபோகும். இல்லாதது என்று நாம் எழுதிவிடுவோம். இந்த ஒரு தவறு ஓர் உயிரை வாங்கக்கூடியது.

குடையின் மேல் நடுவில் பழுப்புத் தொப்பி போல ஒரு படலம். அது உடைந்து ஓரத்தை நோக்கிச் செதில் செதிலாகச் சிதறியிருந்தது. காம்பில் தடித்த வளையம். விரலால் தள்ளினால் கைவளையல் போல மேலும் கீழும் நகர்ந்தது. குடையைத் திருப்பினோம். செவுள்கள் வெள்ளை. காம்பைத் தொடாமல், ஒரு நூலிழை இடைவெளி விட்டு நின்றன.

இப்போது மிஞ்சுவது மூன்று கூட்டம். குடைக்காளான் என்று பல நாட்டினர் விரும்பி உண்ணும் மேக்ரோலெபியோட்டா. கடையில் வாங்கும் பட்டன் காளானின் சொந்தக்காரரான அகாரிக்கஸ். மூன்றாவது குளோரோபில்லம் மொலிப்டைட்டீஸ். அன்றைக்கு உலகின் சிறந்த கமராவால் நூறு படம் எடுத்திருந்தாலும் இந்த மூன்றில் எது என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இளங்காளானில் செவுளின் நிறம் ஏமாற்றும். உண்மை நிறம் வித்தியில் இருக்கிறது, அந்த வித்தி இன்னும் விழவில்லை.

ஆகவே காம்பை அறுத்துவிட்டுக் குடையை மட்டும் எடுத்துப் போனோம். பழைய கலண்டர் தாளின் வெள்ளை முதுகில், பாதியளவுக்குக் கறுப்பு அட்டை ஒட்டி, அதன்மேல் செவுள் கீழே பார்க்கும்படி கவிழ்த்தோம். வெளிறிய தூள் வெள்ளையில் தெரியாது, இருண்ட தூள் கறுப்பில் தெரியாது, அதனால்தான் இரண்டும். காற்று புகாமல் மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து இராத்திரி முழுவதும் விட்டோம். இதற்கு வித்திப்பதிவு என்று பெயர். கருவி எதுவும் வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும்.

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் அக்கா சட்டியைத் தூக்கினார். தாளில் சக்கரத்தின் ஆரங்கள் போல நுணுக்கமான கோடுகள், செவுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நிறம் பச்சை. பாசிப்பயறு மாவில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரியான பச்சை. வெள்ளைச் செவுளிலிருந்து பச்சைத் தூள் விழுந்திருந்தது.

மேக்ரோலெபியோட்டாவுக்கு வெள்ளைத் தூள். அகாரிக்கஸுக்குக் கடும் பழுப்பு. புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு. இத்தகைய வெண்குடைகளில் பச்சை என்றால் குளோரோபில்லம் மொலிப்டைட்டீஸ். பெயரின் முன்பகுதிக்கே பச்சை இலை என்பதுதான் பொருள். தமிழில் பச்சைச்செவுள் குடை என்று வைத்துக்கொள்வோம். 1818இலேயே விவரிக்கப்பட்ட இக்காளான் வெப்ப நாடுகள் எங்கும் புல்வெளியில் முளைக்கிறது. தின்றால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடுங்கும். பிள்ளைகளுக்கு உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகலாம்.

அக்கா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எந்தப் பிரசுரமும் அந்தத் தாளளவுக்கு வேலை செய்திருக்காது.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். பச்சைத் தூள் என்றால் தின்னாதே என்று சொல்லலாம். வெள்ளைத் தூள் என்றால் தின்னலாம் என்று சொல்லவே கூடாது. உயிரைக் கொல்லும் அமனிட்டாவின் தூளும் வெள்ளைதான். மஞ்சள் போட்டு வேகவைத்தால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம் என்பவையெல்லாம் பொய்ச் சோதனைகள். அந்த அமனிட்டாவின் நஞ்சு வெந்தாலும் சாகாது. தின்று ஆறு மணி நேரம் கழித்தும், சிலவேளை அரை நாள் கழித்தும்தான் வயிற்றைப் பிடிக்கும். அதற்குள் ஈரல் கெடத் தொடங்கியிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர். நம்மைப் போலவே கொழுந்து பறித்து வாழ்ந்தவர்கள், நம்மைப் போலவே மழைக்காலத்தில் கறிக்கு எதையாவது தேடியவர்கள்.

போனைத் தரையில் வையுங்கள்

நல்ல அடையாளப் படம் எடுக்க விலையுயர்ந்த கமரா வேண்டியதில்லை. முதலில் குனிய வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் கண் தரையை ஒட்டி வரும், காம்பு முழுதாகத் தெரியும். காளானைப் பறிக்காமல் அடிப்பக்கத்தைப் பார்க்க முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் குடைக்குக் கீழே சாய்த்து வைக்கலாம்.

வெளிச்ச விஷயத்தில் மலைநாட்டாருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பனிமூட்டம். வெயிலில் வெள்ளைக் குடையின் ஒரு பக்கம் எரிந்துபோகும், மறுபக்கம் கறுத்துப்போகும். பனியில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக வரும், செதிலின் விளிம்புகூடத் தெளிவாக விழும். பிளாஷ் போடாதீர்கள். ஆனால் அதே பனி படத்துக்கு நீலம் பூசும். அதற்காகச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள்துண்டை வையுங்கள். தாள் நீலமாகத் தெரிந்தால் காளானின் நிறமும் அதே அளவு பொய் என்று பார்ப்பவருக்குத் தெரியும். வெள்ளைக் காளானைப் படமெடுக்கும்போது திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் செவுளெல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சாகிவிடும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியாவது இருக்கட்டும், அளவு தெரிய.

எத்தனை படம்? மேல், பக்கம், அடி, மண்ணோடு எடுத்த அடித்தண்டு, நெடுக்கில் இரண்டாகப் பிளந்த வெட்டுமுகம், முளைத்த இடம். பிளந்த சதையை உடனே ஒன்றும் ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் எடுங்கள், ஏனென்றால் சில காளான்களின் சதை காற்றுப்பட்டால் சிவக்கும், சில நீலமாகும். மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது மூன்றும் கிடைத்தால் பக்கத்தில் பக்கமாக அடுக்கி ஒரே படத்தில் எடுங்கள். 1981இல் ரோஜர் பிலிப்ஸ் என்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் பிரித்தானியா, ஐரோப்பாக் காளான்களுக்கு ஒரு நூல் போட்டார். காட்டுப் பின்னணியையெல்லாம் தள்ளிவிட்டு, வெறும் தளத்தில் எல்லா வயதுக் காளான்களையும் பிளந்த பாதிகளையும் பரப்பி வைத்துப் படமெடுத்தார். கலைப்படம் தேடுபவருக்கு அது வெறுமையாகத் தெரியலாம். பெயர் தேடுபவருக்கு அது பொக்கிஷம்.

வாசனையைக் கமரா எடுக்காது. மாவு வாசனையா, பச்சை மீன் வாசனையா, எழுதி வையுங்கள். பக்கத்தில் நின்றது சபுக்கா, பைனஸா, தேயிலையா என்பதையும் எழுதுங்கள். சில பங்கசுகள் குறிப்பிட்ட மரத்தின் வேரோடு மட்டுமே குடித்தனம் நடத்தும்.

கோட்டின் வேலை

இவ்வளவும் எடுத்த பிறகு ஏன் வரைய வேண்டும்? ஒரு சின்னக் காளானைக் கொண்டு சொல்கிறேன்.

விறகுக்கு அடுக்கிய கட்டைகளில் நகத்தளவு சாம்பல் நிற விசிறிகள் வரிசையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பூனை மயிர் போன்ற மென்மை. சிங்களவர் இதை லேன ஹத்து என்று சமைப்பார்கள். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இதன் அறிவியல் பெயர் ஸ்கிசோஃபில்லம் கொம்யூன். பிளந்த செவுள் என்பது முன்பகுதியின் பொருள்.

படம் எடுத்தால் அடியில் இளஞ்சாம்பல் கோடுகள் தெரியும், அவ்வளவுதான். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஒவ்வொரு செவுளும் விளிம்பில் நெடுகப் பிளந்து, இரண்டு பக்கமும் வெளியே சுருண்டிருக்கும், காய்ந்த வெற்றிலை சுருள்வதுபோல. வறண்டால் இன்னும் சுருண்டு வித்தி பிறக்கும் பரப்பை மூடிக்கொள்ளும். மழை பட்டால் விரியும். கமராவுக்கு இந்த வெட்டு ஆழமும் நிழலும் கலந்த ஒரு குழப்பம். நான்கு பென்சில் கோட்டில் அது பளிச்சென்று விளங்கிவிடும்.

வரையும்போது கை ஒரு முடிவு எடுக்கிறது. செவுள் காம்பைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா, தொட்டுக் கீழே இறங்குகிறதா? படமெடுப்பவர் இதைக் கவனிக்காமலே பொத்தானை அழுத்திவிடலாம். வரைபவரால் முடியாது. கோட்டை எங்கே நிறுத்துவது என்று அவர் பார்த்தே ஆக வேண்டும். வகுப்பில் பிள்ளைகளைக் காளான் வரையச் சொல்லும்போது இது நன்றாகத் தெரியும். பத்துப் படம் எடுத்த பிள்ளையை விட ஒரு படம் வரைந்த பிள்ளை அதிகம் கேள்வி கேட்கும்.

நிறம்தான் கடினம். என் பழுப்பு உங்கள் பழுப்பல்ல. 1912இல் ரொபர்ட் ரிட்ஜ்வே என்ற அமெரிக்கப் பறவை ஆய்வாளர் 1,115 நிறங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக அச்சிட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். காளான் ஆய்வாளர்கள் அந்தப் புத்தகத்தைப் பல காலம் மேசையில் வைத்திருந்தார்கள். நம்மிடம் அது இல்லாவிட்டால், காளானுக்குப் பக்கத்தில் வண்ணத்தைக் குழைத்துச் சரி வரும்வரை தடவிப் பார்த்து அந்தத் தாள்துண்டையே ஒட்டி வைக்கலாம்.

ஓர் எண்

படமும் ஓவியமும் வித்திப்பதிவும் ஆயிற்று. அந்தக் காளானையும் வீசிவிடாதீர்கள். மெல்லிய சூட்டில் காயவைத்து, காகித உறையில் போட்டு, உறையிலும் படத்திலும் ஓவியத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள். துவைற்ஸ் அதைத்தான் செய்தார். அவர் போட்ட எண்களைப் பார்க்லியும் புரூமும் தங்கள் பட்டியலில் அப்படியே சேர்த்தார்கள். அதனால்தான் கியூ தாவரவியல் பூங்காவின் டேவிட் பெக்லர் நூறாண்டு தாண்டி அதே மாதிரிகளை எடுத்து, நுணுக்குக்காட்டியில் வித்திகளை அளந்து, 1986இல் இலங்கையின் செவுள்காளான்களுக்கு ஒரு முழு நூல் எழுத முடிந்தது. ஓவியம் மட்டும் இருந்திருந்தால் வித்தி கிடைத்திராது. சருகு மட்டும் இருந்திருந்தால் நிறம் கிடைத்திராது.

அந்த ஓவியக் குடும்பத்தின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. 1873இல் பார்க்லியும் புரூமும் துவைற்ஸ் அனுப்பியவற்றுள் சில மில்லிமீற்றர் உயரமே உள்ள ஓர் உயிரைக் கண்டார்கள். மக்கிய கட்டையில் கொத்துக் கொத்தாக, ஒட்டிப் பிறந்த காம்புகளின் நுனியில் சின்னச் சின்ன உருளைகள். இன்று அதைக் காளான் என்று யாரும் சொல்வதில்லை, சளிப்பூஞ்சை என்ற வேறு வகுப்பு. ஓவியரை நினைத்து அதன் பேரினத்துக்கு அல்விசியா என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதை வேறொரு பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். 2014இல் இன்னொரு குழு மறுபடி ஆராய்ந்து, அது தனிப் பேரினமே என்று நிறுவி, இரண்டு புதிய இனங்களையும் அதில் சேர்த்தது.